இடப்பக்கச் சில்லுக்கு மூன்று வாளி

எங்கள் வீட்டில் முதலில் நடுங்கத் தொடங்கியது அம்மாவின் கையா, மாமாவின் ஜீப்பா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. இரண்டும் ஒரே மாரியில் தொடங்கின. எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லி இரண்டு மாதம் ஆவதற்குள், ஜீப்பின் முன் பிறேக் டிஸ்க் கோணிவிட்டது என்று சந்திக் கராச்சில் சொன்னார்கள். அம்மாவுக்குள் இருப்பதை மாற்ற வழியில்லை, ஜீப்பில் இருப்பதை மாற்றலாம். ஆகவே எல்லாருமாகச் சேர்ந்து ஜீப்பைத் திருத்தப் புறப்பட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பாலம் கடந்து போகிற தீவில், சரவணை என்ற ஊரில், அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா கட்டாரில் ஏதோ ஒரு கட்டடத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசியில் வருவார். மற்றபடி அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமாவுக்கு முப்பது வயது, கலியாணம் ஆகவில்லை, ஜீப் இருந்தது. பழைய ஜப்பான் ஜீப், உயரமானது. வெள்ளை நிறம் என்று அதன் புத்தகத்தில் எழுதியிருந்தது. அதை வாடகைக்கு ஓடித்தான் அவர் சீவித்தார். கலியாண ஓட்டத்துக்கு ஆட்கள் பளபளக்கும் கார் தேடி யாழ்ப்பாணத்துக்குப் போய்விடுவார்கள். மாமாவுக்குக் கிடைத்தவை செத்தவீட்டு ஓட்டங்களும் ஆஸ்பத்திரி ஓட்டங்களும். தீவில் இளசுகள் எல்லாம் வெளிநாட்டில், வயதுபோனவர்கள் ஊரில் என்பதால் அவருக்கு ஓட்டத்துக்குக் குறைவில்லை. பின்னிருக்கையை மடித்துவிட்டால் ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்க இடம் வரும். பெரியாஸ்பத்திரியில் முடிந்துபோனவர்கள் சிலர் அந்த இடத்தில் படுத்துக்கொண்டுதான் கடைசியாகப் பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊருக்கு வந்தார்கள்.

செவ்வாயும் வெள்ளியும் அதே ஜீப்பில், முன்னால் இடப்பக்க இருக்கையில், அம்மா யாழ்ப்பாணம் போவார். அங்கே அவருடைய இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்து, திருப்பி ஏற்றுவார்கள். நாலு மணித்தியால வேலை. ஒரு தவணை தவறினாலும் உடம்பில் தண்ணீர் தங்கிச் சுவாசப்பைக்குள் ஏறிவிடும் என்று டொக்டர் சொன்னதை, மாமா பக்கத்து வீட்டு அக்காவிடம் வேலியோரம் நின்று மெதுவாகச் சொன்னார். வேலியின் இந்தப் பக்கம் நான் நின்றேன். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஜீப் ஓடினால் அம்மா இருப்பார்.

ஜீப் ஓடியது, ஆனால் நிற்கும்போது உதறியது. மாமா வேகக்காரர். பாலத்தில் கடலுக்கு நடுவே நேராக விட்டு அடித்துக்கொண்டு வந்து, தீவுக்குள் ஏறியதும் மாடு, ஆடு, சைக்கிள் என்று ஒவ்வொன்றுக்கும் சடாரென்று பிறேக் பிடிப்பார். பிடித்ததும் ஸ்டியரிங் அவர் கைக்குள் துள்ளும். காலடித் தகரம் கிடுகிடுக்கும். அம்மாவின் இருக்கை பல் கிட்டிப்போகிற அளவுக்கு ஆடும். இயந்திரத்தில் இருந்து எழும்பி வருகிறவருக்கு உடம்பில் ஒரு பிடி பலமும் இருக்காது. ஊசி குத்திய கையை மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் கிடத்தியபடி வருவார். ஒவ்வொரு பிறேக்குக்கும் பைக்குள் சத்தியெடுப்பார். ஒருநாள் மண்கும்பானில் ஒரு மாடு குறுக்கே வர, அந்த உதறலில் ஊசி குத்திய இடம் திறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இறங்கும்போது சேலையின் முன்பக்கம் முழுவதும் இரத்தம். மாமா அம்மாவை இறக்கிவிட்டு ஜீப்பின் பொனற்றை முஷ்டியால் குத்தினார். அவருக்கு அதை விட்டால் அடிக்க ஆள் இருக்கவில்லை.

இதற்கு நடுவில் என்னுடைய வேலை ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

செத்தவீட்டுக்குப் போய்வந்தவர் படலை திறந்ததும் நேரே கிணற்றடிக்குத்தான் போகவேண்டும். தலையில் தண்ணீர் வார்க்கும்வரை ஒன்றையும் தொடக் கூடாது. இது எல்லா வீட்டிலும் உள்ள முறை. அம்மா அதை ஜீப்புக்கும் வைத்திருந்தார். ஆளுக்குக் காலில் சாவுத் துடக்கு வருமென்றால் ஜீப்புக்குச் சில்லில்தானே வரும் என்பது அவருடைய நியாயம். ஒரு செம்பில் மஞ்சள் கரைத்து நாலு சில்லுக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிப்பார், அவ்வளவுதான். அம்மாவுக்கு ஏலாமல் போனதும் அந்த வேலையை நான் கையேற்றேன். கையேற்ற மறுநாளே செம்பை வாளியாக்கினேன். காரணம் எளிது. நேற்றுப் பிரேதம் வந்த ஜீப்பில்தான் நாளைக்கு அம்மா போகவேண்டும். ஒரு செம்புத் தண்ணீருக்குப் பயந்து ஓடுகிற சாமானா அது?

பிறகு செத்தவீட்டு ஓட்டத்துக்கு மட்டும் போதுமா என்ற சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரியிலும் ஆட்கள் சாகிறார்கள்தானே. ஆகவே ஜீப் எங்கே போய்வந்தாலும் ஊற்றினேன். வலப்பக்க முன்சில்லுக்கு ஒன்று, பின்சில்லுகளுக்கு ஒன்று ஒன்று. இடப்பக்க முன்சில்லுக்கு மூன்று, ஏனென்றால் அது அம்மா இருக்கிற பக்கம். எங்கள் கிணறு உவர். குடிக்க உதவாது, சில்லுக்கு ஊற்ற யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். மாமா ஜீப்பைக் கொண்டுவந்து கிணற்றடியில் நிறுத்தி இறங்குமுன்னரே நான் முதல் வாளியோடு நிற்பேன். தண்ணீர் பட்டதும் சில்லுக்குள்ளிருந்து “சுர்ர்” என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் ஆவியும் எழும்பும். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் காத்திருப்பேன். பாலத்தில் தொற்றிக்கொண்டு வந்த ஒன்று பிடிவிட்டு ஓடுகிறது என்று எனக்கு நல்லாகத் தெரியும். அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. பெயர் சொல்லப் பயம்.

மாமாவுக்கு இதில் சந்தோசம். பாலத்தில் காற்றோடு வருகிற உப்புத் தண்ணீர் ஜீப்பின் அடித்தகரத்தை அரித்துவிடும் என்று அவருக்கு எப்போதும் கவலை. “எனக்குச் சம்பளமில்லாமல் ஒரு கிளீனர் கிடைச்சிருக்கு” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமையாகச் சொல்வார். உவர்த் தண்ணீரால் உப்பைக் கழுவுகிறோம் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அம்மா விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து நான் ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு நாளைக்கு அரைப் போத்தல் தண்ணீர்தான் குடிக்கலாம். அதை ஒரு சின்ன மூடியால் அளந்து குடிப்பார். நான் ஆறு வாளி தண்ணீரை மண்ணில் ஊற்றுவதை அவர் எந்த மனதோடு பார்த்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது, அம்மா என்னை மெச்சிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

சந்திக் கராச்காரர் ஊர்காவற்றுறைப் பக்கத்து ஆள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். ஐம்பது வயது இருக்கும். வாய் குறைந்த மனிதர். ஒரு கேள்வி கேட்டால் வேலை முடிந்த பிறகுதான் பதில் வரும். ஜீப்பின் முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லைக் கழற்றி, மணிக்கூடு போன்ற ஒரு அளவுமானியை டிஸ்கில் முட்ட வைத்து, டிஸ்கைக் கையால் மெதுவாகச் சுற்றுவார். முள் ஆடினால் கோணல். முதன்முறை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் லேத்தில் கடைந்து, மட்டமாக்கிப் போட்டார். ஆறு கிழமை ஜீப் எண்ணெய் விட்டதுபோல ஓடியது. அம்மாவும் இரண்டு கிலோ கூடினார். பிறகு திரும்பவும் உதறல்.

இரண்டாம் முறை புது டிஸ்க். அதைப் போடுமுன்னர், டிஸ்க் போய் உட்காருகிற இடத்தில் உப்புக் காற்றுக்குப் பிடித்திருந்த துருவைக் கம்பிப் புருசால் தேய்த்து வெள்ளி போல ஆக்கினார். துரு ஒரு மயிரளவு இருந்தாலும் டிஸ்க் சரிந்து உட்காரும் என்றார். சில்லு நட்டுகளையும் மாமாவைப் போல ஸ்பானரில் ஏறி நின்று மிதித்து இறுக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாக, எல்லாவற்றையும் ஒரே பலத்தில் இறுக்கினார். இரண்டு மாதம் போயிற்று. திரும்பவும் முள் ஆடியது.

அப்போதுதான் அவர்களுக்குள் வாய்த்தர்க்கம் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் கராச்சில் மாமாவுக்காகக் காத்துநின்றேன்.

“அண்ணை, நீங்கள் போட்டது புதுச் சாமானோ, ஆரும் கழட்டி எறிஞ்சதோ?” என்றார் மாமா.

கராச்காரர் கையைத் துணியில் துடைத்தார். “தம்பி, நீர் ஓடுறனீரோ, உழுறனீரோ? கால் முழுக்கப் பிறேக்கிலைதான் கிடக்குது.”

“என்ரை அக்காவை ஏத்திக்கொண்டு போறனான். எனக்குத் தெரியாதோ என்னெண்டு ஓடுறது எண்டு?”

கராச்காரர் திரும்பிச் சில்லைக் கழற்றத் தொடங்கினார். அவர் ஒன்றைக் கவனித்திருந்தார். வலப்பக்கம் கொஞ்சம்தான் கோணுகிறது. எப்போதும் மோசம் இடப்பக்கம். மாமாவின் கால்தான் காரணமென்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலக் கோண வேண்டும். ஆகவே வலப்பக்க டிஸ்கை இடப்பக்கத்தில் போட்டு ஒரு மாதம் ஓடவிட்டார். அந்த டிஸ்க்தான் பிறகு கோணியது. இடப்பக்கப் பிறேக் பிடித்த பிடி விடாமல் உரசுகிறதோ என்று கழற்றிப் பார்த்தார். உரசவில்லை, என்றாலும் எல்லாவற்றுக்கும் கிறீஸ் பூசினார். எண்ணெய் போகிற குழாயை மாற்றினார். பெயரிங்கை மாற்றினார். மாற்ற ஒன்றும் மிஞ்சாத இடத்தில் நின்று, ஜீப்பைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார். நான் வீட்டுக்கு வந்து, இடப்பக்கம்தான் மோசம் என்று கராச்சில் சொன்னதைக் கேட்டதால், இடப்பக்கத்துக்கு இன்னும் கவனமாக ஊற்றினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா போகமாட்டேன் என்றுவிட்டார். மாமா ஜீப்பை ஸ்ராட் பண்ணி வைத்துவிட்டு வந்து கூப்பிட்டார். அம்மா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பாமல் இருந்தார்.

“எனக்கு ஏலாது தம்பி. அந்த மிசினைக்கூடத் தாங்குவன். இந்தக் குலுக்கத்தைத் தாங்க ஏலாது. ஒரு நாளைக்கு விடு.”

மாமா கெஞ்சினார், கோபப்பட்டார், ஓட்டோ பிடித்து வருகிறேன் என்றார். அம்மா ஒன்றுக்கும் மசியவில்லை. நான் என்ன செய்தேன் என்றால், போய்ச் சில்லுக்கு இன்னொரு வாளி ஊற்றினேன். ஓடாத சில்லு சத்தம் போடவில்லை.

ஞாயிறு மத்தியானம் அம்மாவால் படுக்க முடியவில்லை. நிமிர்ந்து இருந்துதான் மூச்சு விட்டார். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோலச் சத்தம் கேட்டது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஒட்சிசன் பிடித்து, அங்கிருந்து அம்புலன்சில் யாழ்ப்பாணம். ஐந்து நாள் கழித்து வந்த அம்மா பழைய அம்மா இல்லை. குரல் உள்ளே போயிருந்தது. கால் நடக்க மறந்துவிட்டது.

அந்த ஐந்து நாளில் ஒருநாள் மாமா கராச்சுக்குப் போய் ஒரு பழைய டயரில் குந்தியிருந்து அழுதாராம். அதனால்தானோ என்னவோ, அம்மா வந்த அடுத்த கிழமை கராச்காரர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு ஸ்பானர்கூட இல்லை. “கராச்சாலை போகேக்கை அதுக்கு ஒண்டுமில்லை. வீட்டை போய்த்தான் கெட்டுப்போகுது. நான் இண்டைக்கு இஞ்சை இருந்து பாக்கிறன்” என்று சொல்லி, வேப்பமரத்தடியில் ஒரு கதிரை வாங்கிப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பின்னேரம் மூன்று மணிபோல மாமா ஒரு பிரேத ஓட்டம் முடித்து வந்தார். படலை திறந்தது. ஜீப் கிணற்றடியில் நின்றது. நான் ஓடிப்போய் இடப்பக்கச் சில்லுக்கு முதல் வாளியை ஊற்றினேன். சுர்ர் என்றது. இரண்டாவதை ஊற்றினேன். மூன்றாவதை ஊற்றினேன். மற்றச் சில்லுகளுக்குப் போகத் திரும்பியபோது கராச்காரர் எனக்குப் பின்னால் நின்றார்.

“எத்தினை வாளி பிள்ளை ஊத்துறனி?”

“இதுக்கு மூண்டு. மற்றதுகளுக்கு ஒண்டு ஒண்டு.”

“ஏன் இதுக்கு மட்டும் மூண்டு?”

“இது அம்மா இருக்கிற பக்கம்.”

அவர் குனிந்து சில்லின் துளைக்குள்ளால் டிஸ்கைப் பார்த்தார். ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. பிறகு நிமிர்ந்தார். மாமாவைக் கூட்டிக்கொண்டு விறாந்தைக்குப் போய் அம்மாவின் முன்னால் நின்று மெதுவாக ஏதோ சொன்னார். மாமா சட்டென்று தலையில் கை வைத்தார். என்னைக் கூப்பிட வாய் திறந்தார். அம்மா ஊசி குத்தாத கையைத் தூக்கி அவரை மறித்தது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அம்மாதான் பேசினார், வெகுநேரம். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. நான் எஞ்சிய மூன்று வாளியையும் குறையில்லாமல் ஊற்றி முடித்தேன்.

அவர்கள் போனபின் அம்மா என்னைக் கூப்பிட்டார். ஈரமாக இருந்த என் பாவாடையைப் பிடித்துப் பார்த்தார். “நல்லா ஊத்து பிள்ளை” என்றார். கண் கலங்கியிருந்தது. அவருக்கு எதற்கும் கண் கலங்குகிற காலம் அது.

மறுநாள் ஜீப்புக்குத் திரும்பவும் புது டிஸ்க் போட்டார்கள். அதற்குப் பிறகு அது ஒருநாளும் உதறவில்லை. என்ன பிழை இருந்தது என்று நான் மாமாவைக் கேட்டேன். “ஒரு சின்னச் சாமான் பிள்ளை, மாத்தியாச்சு” என்றார். அம்மா செவ்வாயும் வெள்ளியும் முகம் சுளிக்காமல் போய்வந்தார். எனக்கு இன்னொரு அதிசயமும் நடந்தது. நான் தண்ணீர் ஊற்றும்போது சில்லு சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. மூன்று வாளி ஊற்றினாலும் சும்மா நனைந்துகொண்டு நிற்கும். தொற்றிக்கொண்டு வருகிறது இனி வருவதில்லை, என் தண்ணீருக்குத் தோற்றுவிட்டது என்று நான் விளங்கிக்கொண்டேன். வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு கர்வம் வரவில்லை.

ஆனால் அதே நாட்களில் மாமா கெட்டுப்போனார். அப்படித்தான் ஊர் சொன்னது. எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புமுன் ஒரு பனங்கூடல் இருக்கிறது. அங்கே கள் இறக்குவார்கள். ஓட்டம் முடிந்து வருகிற மாமா ஜீப்பை அதற்குள் விட்டுவிட்டு அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அம்மாவை யாழ்ப்பாணத்தில் இருந்து கொண்டுவருகிற நாட்களில் ஜீப்பைப் படலைக்கு வெளியே விட்டு, அம்மாவைத் தூக்கிவந்து கதிரையில் இருத்திவிட்டு, நான் வாளியை எடுக்குமுன் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுவார். பிறகு ஆடி அசைந்து ஆமை வேகத்தில் வருவார். பள்ளிக்கூடத்தில் என்னிடம், “உன்ரை மாமா பனங்கூடலுக்குள்ளை குடியிருக்கிறாராமே” என்று கேட்டார்கள். அவர் வாயில் ஒருநாளும் மணம் வரவில்லை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அம்மாவிடம் முறையிட்டேன். அவர், “கொண்ணன் மாதிரி உன்னைத் தூக்கி வளத்தவன், அவனை ஒண்டும் சொல்லாதை” என்றார். வேலணையில் இருந்து மாமாவுக்கு ஒரு சம்பந்தம் பேசிவந்தபோது, பெண்பக்கத்து மாமி ஒருவர் படலையடியில் வைத்து என்னிடம் நயமாக விசாரித்தார். பனங்கூடலைப் பற்றி நான் உள்ளதைச் சொன்னேன். அந்தச் சம்பந்தம் பிறகு வரவில்லை.

கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தபோது அம்மா விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போலக் கேட்டது. நான்தான் மாமாவுக்குத் தொலைபேசி அடித்தேன். அல்லைப்பிட்டியில் வந்துகொண்டிருக்கிறேன், இந்தா வந்துவிட்டேன் என்றார். எவ்வளவு வேகத்தில் வந்தாரோ, பக்கத்து வீட்டு அக்கா வந்து அம்மாவுக்கு விசிறத் தொடங்குமுன் ஜீப் வளவுக்குள் பாய்ந்து நின்றது. மாமா கதவைச் சாத்தாமல் உள்ளே ஓடினார்.

அவர் காலையில் ஒரு பிரேதம் ஏற்றியது எனக்குத் தெரியும். நான் கிணற்றடிக்கு ஓடினேன். முதல் வாளியை இடப்பக்கச் சில்லில் ஊற்றினேன்.

சுர்ர் என்றது.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கேட்டேன். வந்துவிட்டது, அம்மாவைக் கொண்டுபோக வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. இரண்டாவது வாளியை அள்ளி ஊற்றினேன். இன்னும் பெரிதாகச் சத்தம் போட்டது. மூன்றாவதைத் தூக்கும்போது மாமா அம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

“ஊத்தாதை!” என்று கத்தினார். அவர் என்னிடம் கத்தியது அதுவே முதலும் கடைசியும். காலால் வாளியைத் தட்டிவிட்டார். தண்ணீர் மண்ணில் போயிற்று. அம்மா அவர் தோளில் கிடந்தபடி கையை என் பக்கம் அசைத்தார். திட்டாதே என்று மாமாவுக்குச் சொன்னாரா, போய்வருகிறேன் என்று எனக்குச் சொன்னாரா, தெரியாது. ஜீப் போய்விட்டது.

பண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது அம்மாவின் மூச்சு நின்றுவிட்டதாம். மறுநாள் அதே ஜீப்பில், மடித்த பின்னிருக்கையில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று சில்லுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. நான் வாளியைத் தொடவே இல்லை.

மூன்றாவது வாளி விழுந்திருந்தால் அம்மா இருந்திருப்பார். பத்து வயதில் நான் எடுத்த முடிவு இது. அப்பா வந்தார், என்னை யாழ்ப்பாணத்தில் விடுதியில் சேர்த்தார். விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வந்தால் மாமா வந்து படலையில் நிற்பார், சொக்லேற் கொண்டுவந்து தருவார். நான் வாங்கி மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். வயது ஏற ஏற, தண்ணீரில் ஒன்றுமில்லை என்று எனக்கு நல்லாகத் தெரிந்தது. ஆனால் மாமாமேல் இருந்த வெறுப்பு மட்டும் காரணத்தைத் தொலைத்துவிட்டு அப்படியே நின்றது. பதினொரு வருடம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா போனபின் ஊர்காவற்றுறையில் ஒரு அறை எடுத்து, இன்னும் தனிய இருக்கிறார். அதே ஜீப்பைத்தான் ஓடுகிறார்.

வேலை கிடைத்து நான் ஸ்கூட்டர் வாங்கியபின் ஒருநாள் முன்பிறேக் கிறீச்சிட்டது என்று சந்திக் கராச்சுக்குக் கொண்டுபோனேன். கராச்காரருக்கு இப்போது கண்ணாடி தடிப்பு, வாயும் கொஞ்சம் கூடியிருந்தது. வேலை முடித்துத் தரும்போது, “சூட்டோடை மட்டும் கழுவிப்போடாதை பிள்ளை. இரும்பு கோணிப்போடும்” என்றார். சொன்னபிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

மாமாவின் ஜீப்புக்கும் அதுதானா நடந்தது என்று நான் கேட்டேன். அவர் சொல்ல விரும்பவில்லை, பிறகு சொன்னார். வேகமாக ஓடி வந்து நிற்கிற ஜீப்பின் டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் பச்சைத் தண்ணீர் விழுந்தால், பிறேக் கவ்விப் பிடித்திருக்கிற இடம் சூடாகவே நிற்க, மற்ற இடம் சட்டென்று சுருங்கும். ஒருநாளில் கோணாது. நாள்தோறும் மூன்று வாளி என்றால் எந்த இரும்பும் கோணும்.

“அப்ப ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?”

“கொம்மா மறிச்சவ. ‘அந்தத் தண்ணியாலைதான் நான் இருக்கிறன் எண்டு அவள் நினைச்சுக்கொண்டிருக்கிறாள், ஊத்த வேண்டாம் எண்டு சொன்னால் பிள்ளை உடைஞ்சுபோவாள், அவள் ஊத்தட்டும்’ எண்டவ. ‘நீ சில்லை ஆறவிட்டுக் கொண்டு வா’ எண்டு தம்பியிட்டைச் சொன்னவ. அவன்தான் பிறகு ஒவ்வொரு நாளும் அந்தப் பனங்கூடலுக்குள்ளை நிண்டு, சில்லைத் தொட்டுத் தொட்டுப் பாத்திட்டு வருவான்.”

நான் கராச்சில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா போகமாட்டேன் என்ற வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. அந்தக் குலுக்கத்தை நான்தான் வாளி வாளியாக அள்ளிக் கொடுத்திருக்கிறேன். படலையடியில் நின்று நயமாகக் கேட்ட மாமிக்கு நான் சொன்ன பதில் ஞாபகம் வந்தது. கராச்காரர் ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். எனக்கு அதைக் குடிக்க மனம் வரவில்லை.

மாரியில் தொடங்கி அந்தத் திங்கட்கிழமை வரைக்கும் நடந்த ஒவ்வொன்றையும் திரும்ப அடுக்கிப் பார்த்தேன். கடைசியில் எஞ்சியது அந்தச் சத்தம்தான். அத்தனை மாதம் வாயே திறக்காத சில்லு அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிச் சுர் என்றது என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. அதில் வேறொன்றும் இருக்கவில்லை. அந்த ஒருநாள்தான் மாமா பனங்கூடலில் நிற்காமல் வந்தார்.